மஞ்சள் இருபத்துமூன்று

அன்றைக்குக் கார் கழுவும் கடையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். கடை ஆட்கள் நாலு: முதலாளி தாரணிதரன், பாலிஷ் போடும் மரியதாஸ், தண்ணீர் அடிக்கும் பிஜய், துண்டு துவைக்கும் துளசிமணி. வண்டிக்காரர்கள் நாலு: சாயப்பட்டறை குழந்தைவேலு, அவர் சம்சாரம், பெரிய பெண், சின்னப் பெண். பத்து மணி பத்து நிமிஷத்துக்கு வண்டிக்காரர்கள் நாலு பேரும் வால்பாறைக்குக் கிளம்பிப் போனார்கள். மிச்சம் நாலு. மைக்ரோபைபர் துண்டு காலையில் எடுத்து வைத்தது நாற்பத்தெட்டு. வண்டியின் மேல்பூச்சுக்கு மஞ்சள் இருபத்துநாலு. கதவு இடுக்கு, உள்பக்கம், எஞ்சின் இவற்றுக்குப் பச்சை இருபத்துநாலு. சக்கரத்துக்குக் கறுப்பு. அது தனி வாளி, தனி நாள், இந்தக் கணக்கில் சேராது.

பத்து இருபதுக்கு வாளியிலிருந்து எடுத்து எண்ணினபோது பச்சை இருபத்துநாலு வந்தது, மஞ்சள் இருபத்துமூன்று வந்தது. துளசிமணி எண்ணும்போது உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. திருப்பூர் பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் செக்கிங்கில் நின்ற பழக்கம், பக்கத்தில் நிற்பவளின் எண்ணிக்கையைக் கலைத்துவிடக் கூடாது. ஈரத் துண்டுகளைத் தொட்டி விளிம்பில் அடுக்கி, ஓரத்தை விரலால் நெம்பி நெம்பி எண்ணினாள். இருபத்துமூன்று. இன்னொரு தரம். இருபத்துமூன்று. பச்சையை இன்னொரு தரம் எண்ணவில்லை, சரியாக வந்ததை யார் இரண்டாந்தரம் எண்ணுகிறார்கள். கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவினாள், முந்தானையை உதறினாள், ஸ்டூலுக்கு அடியில், வாளிக்கு அடியில், தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள், எல்லாம் யார் கண்ணிலும் படாமல், ஏதோ பூச்சியைத் தேடுகிறவள்போல. இல்லை. பிறகு என்ன நினைத்தாளோ, அவ்வளவையும் மெஷினுக்குள் போட்டு, ஒரு மூடி சோப்புத் திரவம் ஊற்றி, கதவைச் சாத்தி, சூட்டை முப்பதில் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டாள். முப்பத்தெட்டு என்று சிவப்பு எழுத்தில் வந்தது. முப்பத்தெட்டு நிமிஷம். துவைத்து முடிந்ததும் எண்ணுவோம், அப்போதும் இருபத்துமூன்று என்றால் சொல்லிவிடுவோம் என்று தனக்குத்தானே ஒரு கெடு வைத்துக்கொண்டாள். கெடு வைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. தப்புச் செய்தவர்களுக்கு வரும் மூச்சு அது என்பது அவளுக்குத் தெரியும், ஏற்கெனவே ஒருதரம் விட்டிருக்கிறாள்.

வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளும் பச்சையும் ஏறின, விழுந்தன, ஏறின. மற்ற நாளில் இது அவளுக்குப் பிடித்த நேரம், ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே கொண்டுவந்த மோரைக் குடிப்பாள். இன்றைக்கு மோர்ப் பாட்டில் மூடி திறக்காமல் மடியில் இருந்தது. மரியதாஸ் தோளில் ஒரு துண்டு இருந்தது. இது நிச்சயம். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் குழந்தைவேலுவின் வெள்ளை வண்டியின் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்து துடைத்துக்கொண்டிருந்தான், கையில் ஒரு துண்டு, இடது தோளில் ஒரு துண்டு. அப்போது குழந்தைவேலு வந்து மணியாகிறது என்று சொன்னார், இவன் சரிங்க என்று நிமிர்ந்து பானெட்டைச் சாத்தினான், டப் என்றது. சாத்திவிட்டு இவள் பக்கம் நடந்து வந்தான். தோளில் துண்டு இல்லை. இதுவும் நிச்சயம், ஏனென்றால் அவன் சட்டைத் தோளில் ஒரு கிழிசல் இருப்பதை அப்போதுதான் பார்த்தாள், தைத்துக் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தாள். துண்டு இருந்தால் கிழிசல் தெரியாது. அப்படியானால் அந்தத் துண்டு எங்கே போயிற்று. கையில் இருந்ததோடு சேர்த்து வாளியில் போட்டிருப்பான். இரண்டையும் ஒன்றாகச் சுருட்டியிருப்பான். போட்டிருந்தால் எண்ணிக்கை சரியாக வந்திருக்கும். வரவில்லை. தோளில் இருந்தது என்ன நிறம் என்று கண்ணை மூடிப் பார்த்தாள். மஞ்சளாக இருந்தது. நன்றாக மஞ்சள். ஆனால் எண்ணுவதற்கு முன்னால் அது மஞ்சளாக இருந்ததா, இருபத்துமூன்று என்று வந்த பிறகுதான் மஞ்சளாயிற்றா, அதுதான் தெரியவில்லை. மனசு சாயப்பட்டறை மாதிரி, வெள்ளையாகக் கொடுத்தால் கேட்ட நிறத்தில் முக்கிக் கொடுத்துவிடும். மஞ்சளை எஞ்சின் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது கடை வழக்கம், மரியதாஸ் வழக்கம் தப்புகிறவன் இல்லை, ஆகவே தோளில் இருந்தது மஞ்சளாக இருக்க முடியாது, ஆகவே மஞ்சள் வேறு எங்கோ விழுந்து கிடக்கிறது, ஆகவே வண்டிக்குள் ஒன்றும் இல்லை. இப்படி நாலைந்து ஆகவே போட்டு வந்தபோது நெஞ்சு லேசாயிற்று. உடனே டப் என்ற சத்தம் திரும்பக் கேட்டது.

முப்பத்தொன்று. ஏழு நிமிஷம் போயிருக்கிறது, வண்டி கிளம்பி இருபது நிமிஷத்துக்கு மேலாகிறது, பல்லடம் நெருங்கியிருக்கும். பல்லடத்தில் கூட்டம், வண்டி நின்று நின்று போகும், நின்று போனால் எஞ்சின் சூடு ஏறும். சூட்டைப் பற்றி அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே முதலாளி தாரணிதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அக்கா, இதை வெந்நீரில் போடக்கூடாது, வெயிலில் காயப்போடக்கூடாது, வாசனைத் திரவம் ஊற்றக்கூடாது, பருத்தித் துணியோடு சேர்க்கக்கூடாது என்று ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னான். ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் கிடையாது, ஆனால் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பழைய துண்டை எடுத்து முனையில் லைட்டரைக் காட்டினான். பருத்தி என்றால் கருகும், சாம்பலாகும். இது சுருண்டது, மெழுகுபோல உருகியது, ஒரு சொட்டு கீழே விழுந்தது, விழுந்த சொட்டு தரையில் கிடந்து தனியாக எரிந்தது, நீலமாக, ஒரு நிமிஷம்கூட இல்லை. இது துணி இல்லக்கா, பிளாஸ்டிக் நூலு என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டையும் நிழலில், நைலான் கயிற்றில், மின்விசிறிக் காற்றில்தான் காயவைக்கிறாள், ரோட்டுப் புழுதி வராமல் பிளாஸ்டிக் திரையை இழுத்துவிட்டு. இரண்டு வருஷத்தில் ஒரு துண்டு அவள் கையில் விறைத்ததில்லை. அந்தச் சொட்டு இப்போது அவளுக்குள் எரிந்தது. எஞ்சின் மேல் துண்டு, துண்டின் முனை ஏதோ குழாயின்மேல், குழாய் சூடு, முனை சுருள்கிறது, ஒரு சொட்டு விழுகிறது. எதன் மேல் விழும், கீழே என்ன இருக்கும், அவளுக்கு வண்டியின் உள்பாகம் தெரியாது. தெரியாததால் எல்லாமே எண்ணெயாக இருந்தது.

சின்னப் பெண்ணுக்கு ஐந்து வயசிருக்கும். வண்டி தயாராகும் வரை இவள் பக்கத்தில் வந்து நின்று, காய்ந்த துண்டு அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, நாய்க்குட்டி மாதிரி இருக்குது பாட்டி என்றது. அதன் பனியனில் வாத்துப் படம். துளசிமணி அந்தத் துண்டை வாங்கி உதறி மறுபடி அடுக்கில் வைத்தாள், பிள்ளை கையில் பிஸ்கட் தூள் இருக்கும் என்று பயம், ஒரு துகள் ஒட்டினாலும் வண்டியில் கோடு விழும். பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு துண்டைக் கொடுத்திருக்கலாம். கறுப்பிலாவது ஒன்றைக் கொடுத்திருக்கலாம். இப்போது அது பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகும். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு என்று குழந்தைவேலு சொன்னார், பாப்பா எண்ணிக்கிட்டே வரோணும் என்றார், அதற்கு நாற்பது வரை எண்ணத் தெரியுமாம். மலையில் வண்டி நின்றால் என்ன செய்வார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

இருபத்தாறு. எழுந்திருக்க நினைத்தாள், எழுந்திருக்கவில்லை. தாரணி இருபதடி தள்ளிக் கண்ணாடி அறையில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபதடிதான். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும், போன செவ்வாய்க்கிழமை ஆயிற்றே. அன்றைக்கும் ஒன்று குறைந்தது, அன்றைக்கும் மஞ்சள். சொல்லிவிட்டாள். ஒரு மணி நேரம் கடை நின்றது. மரியதாஸ் டெலிவரிக்கு நின்ற வண்டியின் சீட்டையெல்லாம் தூக்கிப் பார்த்தான், பிஜய் சாக்கடை மூடியைத் திறந்தான், வண்டிக்காரர் காத்திருந்து முகம் கடுத்துப் போனார். கடைசியில் பிஜய்தான் பார்த்தான், அக்கா பின்னாடி வால் முளைச்சிருக்கு என்று ஒரிசாத் தமிழில் சொல்லிச் சிரித்தான். துண்டு அவள் புடவை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தத் துண்டுக்கு அந்தக் குணம், காய்ந்தால் கண்டதிலும் ஒட்டும். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். தாரணி மட்டும் சிரித்து முடித்துவிட்டு, மணியக்கா, எண்ணுறதை இனி மரியதாஸ் பார்த்துக்கட்டுமா, உங்களுக்கும் வயசாச்சு என்றான். வேண்டாங்க தம்பி, நானே பார்த்துக்கறேன் என்றாள். சரி பாருங்க என்றான். அந்தச் சரி கனமாக இருந்தது.

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. விரல். ஆறு மாசமாகப் பத்து விரலின் நுனியும் மரத்துக் கிடக்கிறது. சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் ரத்தம் எடுக்கும் பெண் விரலில் ஊசி குத்தினபோது, குத்திட்டீங்களாம்மா என்று இவள் கேட்டாள், அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வேலையே விரலால்தான். துவைத்துக் காய்ந்த துண்டை உள்ளங்கையில் போட்டு விரலால் தடவ வேண்டும், மணல் துகள், இரும்புத் தூள், விறைத்த நூல் எதுவாக இருந்தாலும் விரல் சொல்ல வேண்டும், சொன்னால் ஓரத்தைக் கத்தரித்துக் கறுப்பு வாளிக்குத் தள்ள வேண்டும். விரல் சொல்லாமல் போனதும் அவள் கன்னத்தை வைத்தாள். கன்னம் சொன்னது. மேலுதடு இன்னும் நன்றாகச் சொன்னது. திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு துண்டாக உதட்டில் ஓட்டிப் பார்க்கிறாள், யாராவது வந்தால் முகம் துடைப்பதுபோல் கீழே இறக்குகிறாள். ஆறு மாசத்தில் ஒரு வண்டியில் கோடு விழவில்லை. அதனால் ஏமாற்று இல்லை என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் எண்ணுவதற்கு உதடு உதவாது. அழுக்குத் துண்டை உதட்டில் வைக்க முடியுமா. எண்ணிக்கைக்கு இந்த மரத்துப்போன விரல்தான். இரண்டு ஒன்றாக ஒட்டியிருந்தால் இந்த விரலுக்குத் தெரியுமா. தெரியாது. அப்படியானால் இருபத்துமூன்று என்பது இருபத்துநாலாகவே இருக்கலாம். இருக்கலாம் என்றால் போய்ச் சொல்லக்கூடாது. சொன்னால், எப்படிக்கா இரண்டு தரம் எண்ணியும் தப்பு வரும் என்பான். விரல் வெளியே வரும். விரல் வெளியே வந்தால் மகன் ஓசூரிலிருந்து வந்துவிடுவான், அவன் காத்துக்கொண்டே இருக்கிறான், போதும்மா வா என்பான், அனுப்பர்பாளையத்து வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வான். ஓசூரில் அவன் வீடு மூன்றாவது மாடி. அங்கே அவள் எண்ணுவதற்கு ஒன்றும் கிடையாது, படியைத் தவிர.

மெஷின் ஒரு கணம் நின்றது, யோசிப்பதுபோல, பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. இருபத்தொன்று. உள்ளே ஏதோ டிக் என்றது. பட்டன் இல்லை, இந்தத் துண்டில் பட்டன் ஏது, கல்லா, ஆணியா. காதைக் கண்ணாடியில் வைத்தாள். இல்லை. அந்த டிக் மெஷினுக்குள் இல்லை, எங்கே என்று அவளுக்குத் தெரியும், முப்பத்தெட்டு வயசில் கேட்டது அது. பனியன் கம்பெனியில், தையல் வரிசையில் ஒரு மெஷினில் ஊசி உடைந்தது. குழந்தை பனியன், வெளிநாட்டு ஆர்டர். ஊசி உடைந்தால் வரிசையை நிறுத்த வேண்டும், உடைந்த துண்டு அத்தனையும் பொறுக்கி, ஒரு நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் சேர்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் பக்கத்தில் இருந்த சரக்கு முழுவதையும் ஒதுக்க வேண்டும். அந்த நோட்டு துளசிமணியிடம் இருந்தது. எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து அழகு, கணக்குத் தப்பாதவள் என்று அவளிடம் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு மூன்று துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. கடுகளவு முனை. காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் தேடினார்கள். வாசலில் லாரி நின்றது. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான், ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவள் முகத்தையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான். அவள் பழைய பக்கத்தைத் திருப்பி, வேறு ஒரு ஊசியின் முனையை உரித்து எடுத்து, புதுப் பக்கத்தில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். அப்போது வந்தது அந்த மூச்சு. லாரி போயிற்று. பனியன் அறுநூற்றிருபது. ஒரு புகாரும் வரவில்லை. இருபத்துமூன்று வருஷமாக வரவில்லை. அதுதான் பயம், வந்திருந்தால் முடிந்திருக்கும். அந்த முனை தரை இடுக்கில் விழுந்திருக்கலாம், யார் செருப்பிலோ ஏறி வெளியே போயிருக்கலாம், அறுநூற்றிருபதில் ஒன்றின் கழுத்துத் தையலுக்குள் இன்னும் இருக்கலாம். டிவியில் எந்த நாட்டுக் குழந்தையைப் பார்த்தாலும் அவள் பார்ப்பது கழுத்தைத்தான். காலையில் வாத்துப் பனியனையும் அப்படித்தான் பார்த்தாள்.

இருபத்துமூன்று வருஷம், மஞ்சள் இருபத்துமூன்று. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று தலையை உதறினாள். அறிவுள்ளவர்கள் எண்ணை வைத்துப் பயப்பட மாட்டார்கள். பத்தொன்பது. வண்டி பல்லடம் தாண்டிவிட்டது, இனி ரோடு காலி, வேகமாகப் போவார், வேகமாகப் போனால் காற்றுப் பட்டு எஞ்சின் ஆறுமா, சூடேறுமா. ஆறும். இல்லை, சூடேறும். மரியதாஸிடம் கேட்கலாம், எதற்குக் கேட்கிறீங்க என்பான். இன்னும் பத்தொன்பது நிமிஷம் பொறுத்தால் சரியாக எண்ணிவிடலாம், துவைத்த துண்டை உதட்டில் வைத்து எண்ணலாம், தப்பே வராது, இருபத்துநாலு என்று வந்துவிட்டால் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை, விரல் விரலாகவே இருக்கும், செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையோடு போகும். பத்தொன்பது நிமிஷத்தில் என்ன ஆகிவிடும். பதினெட்டு. அன்றைக்கும் இப்படித்தான் நினைத்தாள், இன்னும் பத்து நிமிஷம் தேடினால் கிடைத்துவிடும், அதற்குள் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். பதினேழு. சொட்டு விழுகிறது. பதினாறு. பாப்பா எண்ணுகிறது, ஒன்று, இரண்டு, மலை இன்னும் வரவில்லை, புளியமரத்தை எண்ணுகிறதோ என்னவோ. பதினைந்து. மோர்ப் பாட்டில் மடியிலிருந்து விழுந்து உருண்டது. அதை எடுக்கத்தான் எழுந்தாள். எழுந்தவள் அதை எடுக்கவில்லை.

மெஷின் பதினாலு என்று காட்டும்போது அவள் கண்ணாடி அறைக்குள் நின்றாள். செருப்போடு அவள் அந்த அறைக்குள் வந்ததில்லை.

"தம்பி, அந்த வெள்ளை வண்டியை நிறுத்தச் சொல்லோணுங்."

தாரணி நிமிர்ந்தான். என்ன ஏதென்று கேட்டான். மஞ்சள் ஒன்று குறைவதையும், மரியதாஸ் தோளில் துண்டு இருந்ததையும், பானெட் சாத்திய பிறகு இல்லாததையும் சொன்னாள். குரல் தன்னுடையதுபோல் இல்லை. மரியதாஸ் கையில் பாலிஷ் மெஷினோடு வாசலில் வந்து நின்றான், அவன் பெயர் காதில் விழுந்திருக்கிறது.

"மஞ்சளை நான் எஞ்சின் பக்கமே கொண்டு போகலை. பச்சைதான் வச்சிருந்தேன், அதையும் வாளியில போட்டுட்டேன்" என்றான். "யக்கா, பச்சை சரியா இருக்குல்ல?"

"சரியா இருக்குது."

"அப்புறம் என்ன. முதுகைப் பாத்தீங்களா?"

பிஜய் வெளியே சிரித்தான். தாரணி சிரிக்கவில்லை, ஆனால் உதட்டை அழுத்திக்கொண்டான், அதுவும் ஒரு விதம். செவ்வாய்க்கிழமை முழுவதும் அந்த அறைக்குள் வந்து நின்றது. அவளுடைய கணக்கே மரியதாஸை விடுவித்துவிட்டது. பச்சை சரியென்றால் எஞ்சினுக்குள் ஒன்றும் இல்லை, இவ்வளவு நேரம் அவள் போட்ட ஆகவேயும் அதுதான். இத்தோடு சரிங்க தம்பி என்று திரும்பிப் போய்விடலாம். கால் திரும்பக்கூடத் தொடங்கியது.

"எண்ணிக்கையை நம்பாதீங்க தம்பி" என்றாள். "வெரலு மரத்துப் போயி ஆறு மாசமாச்சுங். ரெண்டு ஒண்ணா ஒட்டியிருந்தாக்கூடத் தெரியாது. நான் எண்ணுனது தப்பா இருக்கும், சரியா இருக்கும். தோள்ல துண்டு இருந்ததைக் கண்ணு பாத்துச்சு. அதை மட்டும் நம்புங்க."

கையை நீட்டினாள், விரல்களை விரித்து, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல. தாரணி அவள் கையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், போனை எடுத்தான். முதல் தரம் மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டுகிறார், எடுக்க மாட்டார். அல்லது. அந்த அல்லதுவுக்கு மேல் அவளால் போக முடியவில்லை. சுவரில் ஒரு பல்லி இருந்தது, அது நகர்ந்தால் நல்லது என்று வைத்துக்கொண்டாள், நகரவில்லை, நகராவிட்டால் நல்லது என்று மாற்றி வைத்துக்கொண்டாள். இரண்டாந்தரம் குழந்தைவேலு எடுத்தார், பல்லடம் தாண்டி நெகமம் ரோட்டில் போகிறார்களாம். தாரணி சத்தத்தை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு, ஒன்றும் பயமில்லை, ஒரு சின்னச் சந்தேகம், ஓரமாக நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டுப் பானெட்டைத் திறந்து பார்க்க முடியுமா என்று பக்குவமாகக் கேட்டான். போனுக்குள் லாரி ஒன்று போயிற்று. கதவு திறந்தது, இன்னொரு கதவு, இன்னொரு கதவு. துளசிமணி எண்ணினாள். நாலாவது கதவுச் சத்தம் வரவில்லை. சின்னப் பெண் எந்தப் பக்கம் இறங்கியது, அக்காவோடு ஒரே கதவில் இறங்கியதா, உள்ளேயே தூங்குகிறதா. அதன் குரல் கேட்டது, எதுக்குப்பா நிக்கறோம் என்று. வெளியே நின்று கேட்ட குரல்தான், காற்று இருந்தது அதில்.

"ஏனுங் தாரணி" என்றார் குழந்தைவேலு, பானெட்டைத் திறந்த பிறகு, மெதுவாக. "பச்சைத் துணி ஒண்ணு கெடக்குதுங். ஓரம் உருகிக் கொழாய்ல ஒட்டிப் பொகைஞ்சுட்டு இருக்குது. உள்ள ஒரு வாசம் அடிச்சுது, புதுப் பாலிஷ் வாசம்னு நெனச்சுட்டு வந்தோம்."

மரியதாஸ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். பாலிஷ் மெஷினைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டிருந்தான். தாரணி எப்படி எடுப்பது, எதைத் தொடக்கூடாது, எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான், பிறகு மன்னிப்புக் கேட்டான், பிறகு திரும்பவும் மன்னிப்புக் கேட்டான். துளசிமணி பச்சை என்ற சொல்லிலேயே நின்றுபோனாள். பச்சை சரியாக இருந்ததே. இருபத்துநாலு. இரண்டாந்தரம் எண்ணாத இருபத்துநாலு. மஞ்சளும் இருபத்துநாலு என்று வந்திருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டாள், ஸ்டூலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பாள், மலை ஏறிக்கொண்டிருப்பார்கள்.

மெஷின் முடிந்ததற்கு அடையாளமாக மூன்று தரம் கூவியது. அவள் போய்க் கதவைத் திறந்தாள். தாரணி பின்னாலேயே வந்து திரைக்கு இந்தப் பக்கம் நின்றான். இனி மறைக்க ஒன்றும் இல்லை. மஞ்சளை ஒவ்வொன்றாக எடுத்து மேலுதட்டில் ஓட்டினாள், அவன் பார்க்கப் பார்க்க. பதினேழாவது துண்டு கனமாக இருந்தது. உதட்டை ஓரத்தில் வைத்ததும் அதற்கு இரண்டு உதடு இருப்பது தெரிந்தது. பல்லால் பிடித்து இழுத்தாள், உரிந்து இரண்டாயிற்று. பச்சையில் ஒன்று நடுவில் மடிந்து, இரண்டு முனையும் ஒரே பக்கம் தொங்கியது. ஒரே துண்டின் இரண்டு ஓரத்தை இரண்டு துண்டாக எண்ணியிருக்கிறாள். ஒன்றில் ஒன்று குறைத்து, ஒன்றில் ஒன்று கூட்டி.

"ஆறு மாசமா இப்படித்தான் பாக்கறீங்களாக்கா" என்று கேட்டான். ஆமாங்க என்றாள். நாளைக்கு வரலாமா வேண்டாமா என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மகனுக்குப் போன் செய்வானோ என்று நினைத்தாள். மரியதாஸ் எழுந்து வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே, கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறி அவளிடம் நீட்டினான்.

"சத்தமா எண்ணுங்கக்கா" என்றான் தாரணி. "நானும் கூடவே எண்ணறேன்."

அவள் வாய்விட்டு எண்ணியது அதுதான் முதல் தரம். தன் குரலைக் கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒன்று என்றாள், கயிற்றில் போட்டாள். இரண்டு. மின்விசிறி சுற்றியது, தொங்கிய துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகின, அவை ஒட்டிக்கொள்ளாதபடி நடுவில் நாலு விரற்கடை இடம் விட்டாள். பத்து. இருபது. எங்கோ ஒரு பனியனின் கழுத்தில் இருக்கிற அல்லது இல்லாத அந்த ஊசி முனை எந்த எண்ணிலும் வந்து சேரவில்லை, சேராது. இருபத்துநாலோடு மஞ்சள் முடிந்தது. பச்சையை எடுத்தார்கள், இருபத்தைந்திலிருந்து. கடைசித் துண்டைப் போடும்போது தாரணிதான் முதலில் சொன்னான், பிறகு அவளும் சொன்னாள்: நாற்பத்தேழு.